காளான் ஒன்று, சுங்க எண் பல



எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருப்பதால், கும்மிடிப்பூண்டிப் பகுதியில் காளான் வளர்ப்போருக்கு ஏற்றுமதி ஆசை எழுவது இயல்பே. பதப்படுத்துமுன் சுங்க எண்ணை அறிந்து கொள்ளுங்கள்.

பச்சைக் காளானுக்கு 0709. அப்படியே உண்ண இயலாதவாறு உப்புநீரில் தற்காலிகமாக இட்டு வைத்ததற்கு 0711. உலர்ந்ததற்கு 0712. வினிகரில் ஊறியதற்கு 2001. டப்பாவில் அடைத்து வேகவைத்ததற்கு 2003.

எண் மாறினால் வரியும் மாறும். மலிவு விலைக்கு விற்றுக் குவிப்பதாகக் கூறி, 1999இல் அமெரிக்கா நம் நாட்டு மொட்டுக்காளான் டப்பாக்கள் மீது கூடுதல் வரி விதித்தது. உப்புநீரில் இட்டதும் அதில் சிக்கியது. வினிகரில் ஊறியதும் உலர்ந்ததும் தப்பின. நம் சமவெளியில் வளரும் சிப்பிக்காளானும் தப்பியது.

ஆகவே காளான் வகை, பக்குவம், சுங்க எண் மூன்றையும் வாங்குபவரிடம் எழுத்தில் பெற்ற பின்னரே அடுப்பை மூட்டுங்கள்.