நோயாளியின் நிறையும் நம் கடமையும்



எங்கள் பாடசாலையிலே ஆண்டுதோறும் ஒரு நாள் மாணவரை வரிசையில் நிறுத்தி நிறை பார்ப்பதுண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், தராசு வரும், உயரமும் நிறையும் பதிவேட்டில் ஏறும். ஒரு பிள்ளை மெலிந்திருக்கக் கண்டால், தாயை அழைத்து விசாரிப்போம். கைக்குழந்தையின் நிறையையோ குடும்பநல மாது மாதந்தோறும் அட்டையிலே குறித்து வைக்கின்றார். ஆயின் அதே வீட்டுத் திண்ணையிலே நோயுற்றுக் கிடக்கும் பெரியவரை நிறுத்துப் பார்ப்பார் எவருமிலர். இக்குறை எத்துணைப் பெரிதென்பதை யான் என் குடும்பத்திலேயே கண்டேன். அதனைச் சொல்லவே இன்று உங்கள்முன் வந்துள்ளேன்.

என் தாய்மாமன் படுவான்கரையிலே வேளாண்மை செய்து வாழ்ந்தவர். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அவர் வாயை விட்டு நீங்கியதில்லை. 2011 ஆம் ஆண்டிலே கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் தோன்றியது. அது புற்றுநோயென்று வைத்தியர் கூறினர். கதிர்ச் சிகிச்சைக்கு நாள் குறித்து வீட்டுக்கு அனுப்பினர். மண்முனைப் பாலம் 2014 இல்தான் திறக்கப்பட்டது. அந்நாளில் மண்முனைத்துறையிலே பாதையேறி வாவியைக் கடந்து சென்றே அவரைப் பார்த்து வருவோம்.

போகும்போதெல்லாம் ஆளுக்கொரு பத்தியம் சொன்னோம். மீன் கிரந்தி என்றார் ஒருவர். முட்டை சூடு என்றார் இன்னொருவர். நன்றாக உண்டால் கட்டியும் உடன் உண்டு வளரும் என்றார் மூன்றாமவர். கலைப் பட்டம் பெற்றவனாகிய யானும் மறுமொழி கூறாது தலையசைத்தேன். இரண்டு மாதம் அவருக்குக் கிடைத்தது அரிசிக் கஞ்சித் தண்ணீரே. விரலிலிருந்து மோதிரம் கழன்று விழத் தொடங்கியது. மாமி அதற்கு நூல் சுற்றிக் கொடுத்தார். நூல் சுற்றத் தெரிந்த எமக்கு, விரல் ஏன் மெலிந்தது என்று கேட்கத் தெரியவில்லை.

சிகிச்சைக்குச் சென்ற அன்று தராசிலே ஏற்றினர். 60 கிலோவாக இருந்த மனிதர் 51 கிலோவாகி நின்றார். இவ்வுடல் சிகிச்சையைத் தாங்காது என்று வைத்தியர் நாளைத் தள்ளிவைத்து, மூக்கு வழியே குழாயிட்டு மூன்று வாரம் உணவூட்டினர். அதன்பின் சிகிச்சை நடந்தேறியது. மேலும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். அத்தாமதம் அவர் ஆயுளிலே எவ்வளவைக் கவர்ந்து சென்றதென எவரும் சொல்ல முடியாது. ஆயினும் அவ்வினா என்னை விட்டு இன்னும் அகலவில்லை.

நேயர்களே, புற்றுநோயாளர் மெலிவது ஏன்? காரணங்கள் இருவகை. வாய்ப்புண், விழுங்கும்போது நோவு, குமட்டல், மலச்சிக்கல், சுவை மாறிப்போதல், மனச்சோர்வு என்பன உணவை உட்செல்லவிடாது தடுப்பவை. இவை முதல் வகை. நோய் உடலினுள்ளே ஒருவித அழற்சியை மூட்டி, பசியை அவித்து, தசையைக் கரைப்பது இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகை முற்றிவிட்டால் உணவினால் மட்டும் அதனை மீட்டல் அரிது. ஆதலினாலேயே தொடக்கத்திற் கண்டறிதல் வேண்டும். புற்றுநோயாளர் மரணங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை நோயினாலன்றி மந்தபோசணையினால் நேர்வனவெனக் கணிக்கப்பட்டுள்ளதாக, மருத்துவப் போசணைக்கான ஐரோப்பியச் சங்கம் தன் வழிகாட்டி நூலிலே குறிப்பிடுகின்றது.

கண்டறிவது எங்ஙனம்? இரண்டு கேள்விகள் போதும். முயலாமலே நிறை குறைந்துள்ளதா? பசி குன்றி உணவு குறைந்துள்ளதா? இவற்றுள் ஒன்றுக்கு ஆமென்று விடை வந்தாலும் வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். ஆறு மாதத்தினுள் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் நிறை குறைவது அபாய அறிகுறி. கணக்கு எளிது: 60 கிலோ உடையவருக்கு 3 கிலோ, 50 கிலோ உடையவருக்கு இரண்டரைக் கிலோ. வாரம் ஒருமுறை, அதே தராசிலே, அதே வேளையிலே நிறுத்து, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வாருங்கள். தராசில்லாதார்க்கும் அடையாளங்கள் உண்டு: சாரத்தின் முடிச்சு இறங்குதல், இரவிக்கை தளர்தல், கன்னப்பொறி குழிதல், கதிரையிலிருந்து கையூன்றாது எழ இயலாமை. ஒன்றை மறவாதீர்கள்: காலோ வயிறோ வீங்கியிருப்பின் தராசு ஏமாற்றும், நீர் ஏறிய நிறையின் கீழ்த் தசை கரைந்திருத்தல் கூடும்.

இனி உணவு. புற்றுநோயாளருக்கு நாளொன்றுக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.5 கிராம் வரை புரதமும், 25 முதல் 30 கிலோகலோரி வரை சக்தியும் வேண்டுமென்பது பொதுவான அளவு. 50 கிலோ உடையவர்க்குப் புரதம் 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. 100 கிராம் மீனிலே ஏறத்தாழ 20 கிராம் உண்டு. ஒரு கோப்பை நீர்க்கஞ்சியிலோ 2 கிராம்கூட இராது. மீனும் இறாலும் வாவி தருகின்றது. எருமைத் தயிருக்கு எம் மாவட்டம் பெயர்பெற்றது. இவற்றை முற்றத்திலே வைத்துக்கொண்டு நோயாளியைக் கஞ்சித் தண்ணீரிலே விடுவது என்ன நியாயம்?

கஞ்சியை விலக்கச் சொல்லவில்லை, அதனைக் கனமாக்குங்கள். பாசிப்பயறு சேர்த்துக் காய்ச்சித் தேங்காய்ப்பால் விடுங்கள். அவித்த மீனை முள் நீக்கி மசித்துச் சேருங்கள். மூன்று வேளைப் பெருஞ்சோற்றை ஆறு வேளைச் சிறு உணவாக்குங்கள். பசி நன்றாயிருக்கும் வேளையிலே, பலருக்கு அது காலை, கூடுதலாகக் கொடுங்கள். வாய் புண்ணாயின் மிளகாயும் புளியும் தவிர்த்து, மென்மையாய் ஆறவைத்துக் கொடுங்கள். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரிலே கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, விழுங்காது கொப்பளிக்கச் செய்யுங்கள். இயன்றவரை சிறிது நடத்துங்கள். அசையாத தசை உணவைப் பெற்றும் வளராது.

நீரிழிவோ சிறுநீரக நோயோ உடையவர்க்கு அளவுகள் மாறும். சிகிச்சையினால் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் நாட்களில் பச்சையுணவையும் வெளியுணவையும் தவிர்த்தல் வேண்டும். பல நாள் உண்ணாதிருந்தவர்க்கு ஒரே நாளில் நிறைய ஊட்டுதலும் ஆபத்து. இவற்றை வைத்தியரிடமும் போசணை ஆலோசகரிடமும் கேட்டறியுங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலே இன்று புற்றுநோய்ப் பிரிவு உண்டு. வைத்தியர் குழாய் வழி உணவு என்றால் அது முடிவின் அறிகுறியென்று அஞ்சாதீர்கள். என் மாமனுக்கு அதுவே பாலமாயிற்று.

உண்டால் கட்டி வளருமோ என்னும் அச்சத்துக்கு வருவோம். உணவூட்டியதனால் நோயாளியின் நிலை கெட்டதென்பதற்குச் சான்றில்லை. ஊட்டாது விட்டதனால் கெட்டதற்குச் சான்று நிறைய உண்டு. பட்டினி கிடப்பது கட்டியன்று, மனிதரே. ஆனால் ஓர் எல்லையும் உளது. நோய் முற்றி இறுதி நாட்கள் நெருங்கும்போது பசி அடங்குவது இயற்கை. அப்போது வற்புறுத்தி ஊட்டல் துன்பமாகும். வாயை ஈரப்படுத்திக் கையைப் பற்றியிருத்தலே அவ்வேளை நாம் கொடுக்கக்கூடிய உணவு.

நோயை வருமுன் தடுத்தலும் நம் கையில் உண்டு. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோயே. புகையிலையன்றிப் பாக்குத்தானும் புற்றுநோய் விளைப்பதென்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே உறுதிப்படுத்தியது. வாய் திறப்பது குறுகினாலோ, ஆறாத புண்ணோ வெண்படலமோ தோன்றினாலோ காலந்தாழ்த்தாது காட்டுங்கள்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவுக்கே ஒதுக்கினார். இறுதியில் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர் என நான்காக வகுத்தார். முதல் மூன்றையும் நாம் நன்கறிவோம். நான்காமவர் நாமே என்பதை மறந்துவிடுகின்றோம். உங்கள் வீட்டிலே இன்று ஒருவர் நோயுற்றிருப்பாராயின், நாளைக் காலை அவரை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். மோதிரம் கழலும் வரை காத்திராதீர்கள்.