மூட்டையின் பின்பக்கம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும். ஆனா உன் கம்பெனி வேலையைப் பத்திப் பேசிடாதே. போன தடவை மூணு பேர் அதைப் பேசி, ஜனங்க எழுந்து போயிட்டாங்க" என்றார். நாய்க்கு டிரை ஃபுட் வாங்குவது எப்படி என்று பேசட்டுமா என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, அதையே பேசு" என்றார். அவர் வீட்டிலும் ஒரு நாய் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

என் காலத்து ஹாஸ்டல்வாசிகளுக்கு 'அரியர்' நினைவிருக்கும். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். ஒருதரம் ஒட்டிக்கொண்டால் கோர்ஸ் முடியும்வரை விடாது என்பதால் அந்தப் பெயர். மெஸ்ஸில் மீந்த தயிர்சாதம், முட்டைத் தோசை ஓரம், ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பு இவைதான் அதன் ஆகாரம். அதற்கு என்ன வயது, என்ன எடை, எதனால் செத்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாய் வளர்ப்பதில் எனக்கு இருந்த முன்னனுபவம் அவ்வளவுதான். இந்த லட்சணத்தில் 2019-ல் ஒரு லாப்ரடார் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெயர் புரூனோ.

குட்டி வந்த அன்றே கடைக்குப் போனேன். நாம் எல்லாருமே எந்த உணவாக இருந்தாலும் 'பெடிகிரி' என்றுதான் கேட்கிறோம், நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்பது மாதிரி. கடைக்காரர் ஒரு குட்டிநாய் உணவு மூட்டையை எடுத்து வைத்தார். பக்கத்திலேயே ஒரு கால்சியம் டானிக். "பெரிய ஜாதி சார், எலும்பு கெட்டியா வளரணும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. காலையில் ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி. போதாதென்று என் அம்மா பாலில் ஒரு கால்சியம் மாத்திரையையும் பொடித்துப் போட்டார்.

ஐந்தாம் மாதம் புரூனோ முன்காலை நொண்ட ஆரம்பித்தான். பிறகு மாடிப்படி ஏற மறுத்தான். கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "என்ன கொடுக்கறீங்க?" என்று கேட்டார். பெருமையாகப் பட்டியல் சொன்னேன். அவர் மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். பின்பக்கத்தைத் திருப்பி, கால்சியம் என்று எழுதியிருந்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டார். "இதிலேயே தேவையானது இருக்கு. நீங்க அதுக்கு மேல ரெண்டு பங்கு ஊத்தியிருக்கீங்க. நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். இன்ஜினீயர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

விஷயம் இதுதான். வளர்ந்த நாயின் குடல் வேண்டாத கால்சியத்தைப் பெரும்பாலும் உள்ளே விடாது. முதல் ஆறு மாதக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்ளும். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். அதிகக் கால்சியம் சாப்பிட்ட குட்டிகளுக்குக் குருத்தெலும்பு எலும்பாக மாறுவதே தாறுமாறாகிப் போனது. குறைந்தால் கெடுதல் என்பது நமக்குத் தெரியும். கூடினாலும் கெடுதல் என்பதுதான் தெரிவதில்லை.

அமெரிக்காவில் 'ஆஃப்கோ' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது எந்த உணவையும் சோதித்துச் சான்றிதழ் தருவதில்லை. உணவில் என்னென்ன எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவுகோலை வகுக்கிறது. நம் ஊர் மூட்டைகளிலும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அதன்படி, வளரும் குட்டிக்கு ஈரம் நீக்கிய எடையில் கால்சியம் குறைந்தது 1.2 சதவிகிதம் இருக்க வேண்டும். வளர்ந்தபின் 32 கிலோவோ அதற்கு மேலோ வரக்கூடிய ஜாதி என்றால் 1.8 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. மற்ற குட்டிகளுக்கு 2.5 வரை போகலாம். ஆக, பெரிய ஜாதிக் குட்டி வைத்திருப்பவர்கள், பெரிய நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்று மூட்டையில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டானிக் பக்கமே போக வேண்டாம்.

புரூனோ டானிக்கை நிறுத்தியபின் தேறினான். முழுக்க இல்லை. இன்றும் மழைக்காலக் காலைகளில் இடது முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்துத்தான் நாலடி நடப்பான். ஒரு பம்பு வாங்குவதற்கு நாற்பது பக்க ஸ்பெசிஃபிகேஷனை வரிவரியாகப் படிக்கிறவன், உயிருள்ள ஒன்றின் வாய்க்குள் போவதைப் படிக்காமல் வாங்கியிருக்கிறேன். அன்றிலிருந்து மூட்டையின் முன்பக்கத்தை நான் பார்ப்பதே இல்லை. முன்பக்கம் விற்கிறவருடையது, பின்பக்கம்தான் நாயுடையது.

பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டியது 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற வாசகம். அதாவது வேறெதுவும் தராமல் இதை மட்டுமே கொடுத்தாலும் போதும் என்று அர்த்தம். அதே வரியில் வளரும் குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா, எல்லா வயதுக்குமா என்றும் இருக்கும். 'சப்ளிமென்டல்' என்றோ 'காம்ப்ளிமென்டரி' என்றோ இருந்தால் அது தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், சாப்பாடு அல்ல. இந்த ஒரு வரியைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது புரோட்டீன். இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறோம். 'குரூட் புரோட்டீன் 22 சதவிகிதம்' என்றால், புரோட்டீனை யாரோ எடை போட்டுப் பார்த்தார்கள் என்று நினைக்காதீர்கள். டென்மார்க்கைச் சேர்ந்த கெல்டால் என்ற வேதியியலாளர் 1883-ல் சொன்ன முறைப்படி நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கி எழுதுவதுதான் வழக்கம். புரோட்டீனில் சராசரியாக 16 சதவிகிதம் நைட்ரஜன் என்பது அதன் அடிப்படை. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கணக்கு கேட்காது. கோழிக்கறியிலிருந்தும் வரலாம், இறகிலிருந்தும் வரலாம். 2007-ல் இந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு பயங்கரம் நுழைந்தது. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த கோதுமைப் புரோட்டீனில் மெலமைன் கலந்திருந்தது. ஆம், பிளேட் செய்கிறார்களே, அந்தப் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். அதில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனையில் புரோட்டீன் பிரமாதமாகத் தெரிந்தது. அதைச் சாப்பிட்ட நாய்களுக்கும் பூனைகளுக்கும் சிறுநீரகம் கெட்டது, பல இறந்தன. வட அமெரிக்கா முழுவதும் மூட்டை மூட்டையாகத் திரும்பப் பெற்றார்கள்.

அதனால் சதவிகிதத்தோடு பொருள்களின் பட்டியலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எடை அதிகமானது முதலில் வரும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'சிக்கன்' என்று முதலில் போட்டிருந்தால் அது பச்சைக்கறி எடை. அதில் சுமார் 70 சதவிகிதம் தண்ணீர். உலர்த்தியபின் அது பட்டியலில் எந்த இடத்துக்கு இறங்குமோ! 'சிக்கன் மீல்' என்றால் ஏற்கெனவே தண்ணீர் நீக்கிய தூள். பெயர் கவர்ச்சியாக இல்லாவிட்டாலும் சரக்கு அதிகம். இன்னொன்று, சோளம், சோளத் தவிடு, சோளக் குளூட்டன் என்று மூன்றாகப் பிரித்துப் போட்டுக் கறியை மேலே தூக்கிக் காட்டுவார்கள். மூன்றையும் மனசுக்குள் கூட்டிப் பாருங்கள்.

தானியமே இல்லாத உணவு என்று இப்போது ஒரு மோகம். நாய் ஓநாயிலிருந்து வந்தது, ஓநாய் என்ன சோறா தின்றது என்று கேட்கிறார்கள். நாய் மனிதனோடு சேர்ந்து மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் ஜீன் ஓநாய்க்கு இரண்டு பிரதி என்றால், பெரும்பாலான நாய்களுக்கு அதைவிடப் பல மடங்கு என்று 2013-ல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நம் அரியர் தயிர்சாதத்தில் ஓடியாடித் திரிந்ததன் ரகசியம் அதுதான். அதுமட்டுமல்ல, தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணியும் பருப்பும் நிறையப் போட்ட உணவுகளுக்கும் ஒருவகை இதய நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று 2018-ல் அமெரிக்க மருந்து உணவு நிர்வாகம் விசாரிக்கத் தொடங்கியது. காரணம் இதுதான் என்று நிரூபணமாகவில்லை. இருந்தாலும், நாய்க்குத் தானியம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் சொன்னாலொழிய, கூடுதல் காசு கொடுத்து அதை வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

"எங்க நாய் இதைத்தான் ஆசையா சாப்பிடுது" என்பார்கள். மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு எக்ஸ்ட்ரூடர் தெரியும். தெரியாதவர்கள் முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மாவையும் கறித்தூளையும் நீராவியில் வேகவைத்து, அழுத்தத்தில் அச்சு வழியாகத் தள்ளி, கத்தியால் நறுக்கி உலர்த்துகிறார்கள். கடைசியில் உருண்டைகள் மேல் கொழுப்பையும் வாசனைச் சாற்றையும் தெளிக்கிறார்கள். நாய் ஆசைப்படுவது அந்த மேல்பூச்சுக்கு. மசாலா தூவிய சிப்ஸுக்கு நாம் ஆசைப்படுவதில்லையா, அதேதான்.

இனி எவ்வளவு கொடுப்பது. மருத்துவர் சொல்லிக்கொடுத்த சூத்திரம் இது. எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கினால், ஓய்வில் இருக்கும்போது நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி வரும். சாதாரணக் கால்குலேட்டரே போதும். எடையை மூன்று தரம் பெருக்கி, இரண்டு தரம் வர்க்கமூலம் எடுங்கள். 32 கிலோவுக்கு 13.45 வரும், 70-ஆல் பெருக்கினால் சுமார் 942. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதைப்போல் 1.6 மடங்கு, அதாவது 1507 கலோரி.

உணவில் எவ்வளவு கலோரி என்று மூட்டையில் இல்லாவிட்டால் நாமே போடலாம். புரோட்டீன் 22, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 10. சாம்பல் எழுதியிருக்க மாட்டார்கள், 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 46 மாவுச்சத்து. புரோட்டீனுக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5. கூட்டினால் நூறு கிராமுக்கு 323 கலோரி. ஆக, புரூனோவுக்கு ஒரு நாளைக்கு 467 கிராம். இது தொடக்கப் புள்ளிதான். இரண்டு வாரத்துக்கு ஒருதரம் எடை பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் ஃபீட்பேக் என்று படித்தோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது!

இதே கணக்கில் விலையும் தெளியும். மேலே சொன்ன உணவு கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிராமுக்கு 390 கலோரி உள்ள இன்னொன்று கிலோ 380 ரூபாய். கடையில் 80 ரூபாய் வித்தியாசம் மலைப்பாகத் தெரியும். ஆனால் இரண்டாவதில் 386 கிராம் போதும். நாளுக்கு 140 ரூபாய்க்கும் 147 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம்தான். கிலோ விலையைப் பார்க்காதீர்கள், நாள் விலையைப் பாருங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் நான் போடவேண்டி வந்தது, மூன்று வயதில் புரூனோ 39 கிலோவைத் தொட்டபோது. 32 இருக்க வேண்டியவன். ஏற்கெனவே பழுதான கால், அதன்மேல் ஏழு கிலோ சுமை. மூட்டையில் சொன்ன அளவைத்தான் கொடுத்தேன், பிறகு எப்படி? விசாரித்ததில் அப்பா மாட்டினார். காலைக் காப்பியோடு எட்டு மேரி பிஸ்கட். ஒன்றுக்கு ஏறத்தாழ 25 கலோரி என்றால் 200 ஆயிற்று. கணக்கில் வராத செலவு. தின்பண்டமெல்லாம் சேர்த்து நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பார்கள். அப்பாவிடம் சொன்னேன். "அது பார்க்கிற பார்வைக்கு நீ கணக்குச் சொல்லுடா" என்றார்.

அவருக்கு நான் காட்டியது ஓர் ஆராய்ச்சி. பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவிகிதம் குறைவாக வாழ்நாள் முழுக்க உணவு கொடுத்தது. 2002-ல் முடிவு வெளியானது. நிறையச் சாப்பிட்டவை சராசரியாக 11.2 வருடம், குறைவாகச் சாப்பிட்டவை 13 வருடம் வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பிஸ்கட் இரண்டாயிற்று. அதையும் நாலாகப் பிட்டு நாலு தரம் கொடுத்தார். புரூனோவுக்கு எண்ணிக்கைதான் கணக்கு போலிருக்கிறது. ஒரு வருடத்தில் 33-க்கு வந்தான். இப்போது படி ஏறுகிறான்.

நேரமாகிறது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சில்லறை விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மலிவு என்று இருபது கிலோ மூட்டை வாங்காமல், ஐந்தாறு வாரத்தில் தீர்கிற அளவாக வாங்குங்கள். டின்னில் கொட்டாமல் மூட்டையோடு டின்னுக்குள் வையுங்கள். உணவை மாற்றும்போது பழையதோடு கலந்து ஒரு வாரம், பத்து நாளில் மாற்றுங்கள். வெங்காயம் போட்ட குழம்பை மேலே ஊற்றாதீர்கள்.

கடைசியாக இங்கே இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விண்ணப்பம். காலையில் வரும்போது ஹாஸ்டல் வாசலில் இரண்டு நாய்கள் படுத்திருந்ததைப் பார்த்தேன். காது நுனி வெட்டியிருக்கிறது, ஆகவே கருத்தடை ஆனவை. ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். பார்வைக்கு ஒவ்வொன்றும் 15 கிலோ இருக்கும். அதற்கு 264 கிராம் வீதம் இரண்டுக்கும் நாளைக்கு 528 கிராம், சுமார் 158 ரூபாய். ஹாஸ்டலில் 200 பேர் இருந்தால் தலைக்கு 79 பைசா. முதல் மூன்று மாத மூட்டைகளும், வருடாந்திர வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் செலவும் எங்கள் பேட்ச்சின் பொறுப்பு. என் நண்பர்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், இதோ முன்வரிசையில் முறைக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஹாஸ்டல் செயலாளர் யாரோ அவர் என்னைப் பாருங்கள். தராசு ஒன்று வண்டியில் இருக்கிறது. அவற்றை எடை போட்டுவிட்டே போகிறேன்.