இசைத் தொழிலும் நாள் ஒழுங்கும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மேடையில் தலைமையாசிரியர் ஒருவர் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிப் பேசுவதே மரபு. நாமோ இன்று இசையைத் தொழிலாகக் கொண்டோர்க்கு வேண்டிய பழக்கங்களைப் பற்றிப் பேச வந்துள்ளோம். அதற்குக் காரணம் உண்டு. நம்மிடம் படித்த பிள்ளைகள் சிலர் பகலில் ஓவர்லாக் மிஷினில் அமர்ந்து தைக்கின்றனர். வார இறுதியில் பறைக்குழு நடத்துகின்றனர். ஒருவர் சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகின்றார். அவர்கள் நம்மிடம் வந்து கேட்ட கேள்வி ஒன்றே: "ஐயா, திறமை இருக்கிறது என்கிறார்கள், ஆனால் நிலைத்து நிற்க முடியவில்லையே, ஏன்?"

இக்கேள்விக்கு விடை கூறுமுன் நம் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நம் பாட்டனார் பறையடித்தவர். ஊரில் சாவு விழுந்தால் நள்ளிரவாயினும் தெருமுனையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். காய்ச்சலில் படுத்திருந்தாலும் எழுந்து போகவேண்டும். கூலி பேசும் உரிமை கிடையாது. களத்து மேட்டில் அள்ளிப் போடும் தானியமும், அன்று ஊற்றிக் கொடுக்கும் சாராயமுமே கூலி. நம் தந்தையார் அதை வெறுத்து மில் வேலைக்குப் போனார். பறையைப் பரணில் ஏற்றிவைத்தார். "இதைத் தொட்டால் படிப்பு ஏறாது" என்று நம்மிடம் கண்டிப்பாகச் சொன்னார். நாமும் தொடவில்லை. படித்தோம், ஆசிரியரானோம். தந்தையார் செய்தது சரியே. ஆயினும் அவர் வெறுத்தது பறையின் ஓசையை அன்று. கூப்பிட்டவுடன் ஓடவேண்டிய அந்த நிலையையே என்பது நமக்குப் பிற்காலத்தில்தான் விளங்கிற்று.

இந்நிலை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. மராட்டிய நாட்டில் மகார் மக்கள் 'வதன்' என்னும் பரம்பரை ஊர் ஊழியத்தில் கட்டுண்டிருந்தனர். சிறிதளவு நிலத்திற்கும் தானியத்திற்கும் ஈடாக இரவு பகல் எந்நேரத்திலும் அவர்களை வேலைக்கு அழைக்கலாம். அழைக்கப்பட்டவர் இல்லையெனில் வீட்டிலுள்ள மற்றவர் போகவேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1928-ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டசபையில் இம்முறையைத் திருத்த மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அன்று அது நிறைவேறவில்லை. 1958-இல்தான் அவ்வூழிய முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மண்ணைப் பறிப்பது போலவே மனிதனின் நேரத்தைப் பறிப்பதும் அடிமைத்தனம் என்பதை அண்ணல் கண்டார். ஆகவே, இன்று தம் விருப்பத்தால் இசையை மேற்கொள்ளும் நம் இளைஞர் முதலில் கைப்பற்ற வேண்டியது தம் நேரத்தையே. நல்ல பழக்கம் என்று நாம் சொல்வது அதனைத்தான்.

சங்கு ஊதாத தொழில்

திருப்பூர் உழைப்பாளிக்கு நேர ஒழுங்கைப் பற்றி யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. காலை எட்டரை மணிக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை நீளும் ஒன்றரை ஷிப்டு நம் வீடுகளின் கடிகாரமாகிவிட்டது. சனிக்கிழமைச் சம்பளத்தைக் கொண்டே கடனும் அரிசியும் கணக்கிடப்படுகின்றன. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது. இங்கே உழைப்புக்கு நேரம் உண்டு, விகிதம் உண்டு, கேட்பதற்குச் சங்கம் உண்டு.

தனித்து நிற்கும் இசைக் கலைஞனுக்கோ இவை ஒன்றும் இல்லை. அவனை எழுப்பச் சங்கு இல்லை. வேலையைச் சரிபார்க்கச் செக்கிங் மேஜை இல்லை. ஆதலின் முதலாளி, மேஸ்திரி, கணக்குப்பிள்ளை, தொழிலாளி ஆகிய நால்வரும் அவன் ஒருவனே ஆகவேண்டும். திறமையுள்ளோர் பலர் இந்நால்வரில் தொழிலாளியாக மட்டும் இருந்துவிட்டு, மற்ற மூவரை மறந்துவிடுவதால்தான் நிலைகுலைகின்றனர்.

நாள்தோறும் பயிற்சி

நிகழ்ச்சியில் அடிப்பது பயிற்சி ஆகாது. நிகழ்ச்சியில் நமக்கு முன்பே தெரிந்ததையே அடிக்கிறோம். கூட்டத்தின் ஆரவாரத்தில் பிழையும் மறைந்துவிடுகிறது. பயிற்சி என்பது தெரியாததைத் தனிமையில் செய்து பார்ப்பது. பறையில் வலக்கையின் அடிக்குச்சி விரைவில் பழகிவிடும். இடக்கையின் நீண்ட சிண்டுக்குச்சியே பின்தங்கும். அந்த இடக்கைக்கு நாளும் அரைமணி நேரம் கொடுங்கள். ஓர் அடியை எடுத்து, பாதி வேகத்தில், பிழையின்றி வரும்வரை அடியுங்கள். பிறகே விரைவைக் கூட்டுங்கள். லைன் வீட்டில் குடியிருப்போர் பலகைமேல் பழைய டயர்த் துண்டை வைத்து அடித்தால் அண்டை வீட்டார்க்கும் தொல்லையில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் அடித்துவிட்டு ஆறு நாள் விட்டுவிடுவதைவிட, ஏழு நாளும் அரைமணி நேரம் அடிப்பது மேல். கை மறப்பதற்கு முன்பே மறுநாள் வந்துவிடுமன்றோ?

பாட்டெழுதுவோர்க்கும் இதுவே விதி. மனம் எழும்போது எழுதுவேன் என்றிருப்பவர் ஆண்டுக்கு இரண்டு பாட்டு எழுதுவர். விடியற்காலையில் கைப்பேசியைத் தொடுமுன் ஒரு பக்கம் எழுதுபவர் அதில் பத்தில் ஒன்று தேறினாலும் முன்னேறுவர். ஆக்கும் நேரம் வேறு, அழைப்புகளுக்கு விடை சொல்லும் நேரம் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா அவர்களை எண்ணிப் பாருங்கள். தமையனார் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். 1968-இல் சென்னைக்கு வந்தார். 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976-இல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அவர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையின் எழுத்துமுறையைக் கற்றார், ஜி.கே. வெங்கடேஷ் அவர்களிடம் உதவியாளராக உழைத்தார். அந்தப் பாடமே 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அவருடைய சிம்பொனியாக ஒலித்தது. உலகம் கைதட்டிய நாளை நாம் அறிவோம். யாரும் கைதட்டாத அந்த எட்டு ஆண்டுகளை நம் இளைஞர் அறியவேண்டும்.

கருவியும் உடலும்

வேப்பமரச் சட்டமும் தோலும் கொண்ட பறை பனியில் தளரும்; தீயில் காய்ச்சினால் இறுகும்; அளவு மீறினால் கிழியும். அதனைப் பேணுவது போலவே உடலையும் பேணவேண்டும். 85 டெசிபல் அளவான ஓசையை நாளுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு என்பது மருத்துவம் வகுத்த வரம்பு. ஓசை மிகுந்தால் அந்நேரமும் குறையும். பகலெல்லாம் எந்திர இரைச்சலில் இருந்துவிட்டு இரவில் பறை முன் நிற்பவர், செவியடைப்பான் இட்டுக்கொள்வதை வெட்கமாகக் கருதக்கூடாது.

மதுவைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறோம். பாட்டனார் காலத்தில் சாராயம் கூலியின் ஒரு பகுதியாக ஊற்றப்பட்டது. உழைப்பின் விலையைக் குறைக்க அது வழியாயிற்று. இன்று நாமே காசு கொடுத்து அப்பழக்கத்தைத் தொடர்வது எவ்வகையில் விடுதலையாகும்?

கணக்கும் உரிமையும்

சென்ற ஆண்டு நம் பழைய மாணவர் ஒருவர் குழுவினருடன் கோயில் சாட்டுக்குச் சென்று மூன்று இரவு அடித்தார். பேசிய தொகை ஒன்று. கொடுத்தது அதில் பாதி. கேட்டபோது, "யார் அப்படிப் பேசியது?" என்றனர். எழுத்து இல்லை, முன்பணச் சீட்டு இல்லை. குழுவிலுள்ள எட்டுப் பேருக்கும் அவரே கடன் வாங்கிப் பங்கு கொடுத்தார்.

அன்று அவருக்கு நாம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தோம். தேதி, ஊர், எத்தனை மணி நேரம், பேசிய தொகை, முன்பணம், மீதி, வண்டிச் செலவு, ஆளுக்குப் பங்கு என எட்டுக் கட்டங்கள். நிகழ்ச்சி முடிந்த இரவே எழுதவேண்டும். மறுநாள் என்றால் மறந்துவிடும். ஆறு மாதத்தில் அந்நோட்டே அவருக்கு ஆசிரியராயிற்று. பங்குனி, சித்திரையில் வரும் வருவாய் ஆடியிலும் மார்கழியிலும் வற்றிவிடுவதை அதில் கண்ணால் கண்டார். இப்போது வரவில் பத்தில் ஒரு பங்கைத் தனியே வைக்கிறார். தொகையையும் நேரத்தையும் முன்கூட்டியே கைப்பேசிச் செய்தியாக அனுப்பி, ஒப்புதல் வந்தபின்னரே புறப்படுகிறார்.

சொந்தமாகப் பாட்டு ஆக்குவோர் பதிப்புரிமையை அறிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1994-இல் நிகழ்த்துவோர்க்கும் உரிமை சேர்க்கப்பட்டது. 2012-இல் செய்த திருத்தம், பாட்டெழுதுவோரும் இசையமைப்போரும் தமக்குரிய பங்குத்தொகையை எளிதில் எழுதிக்கொடுத்து இழந்துவிடாதபடி காப்பளித்தது. 2021-இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டின் பெருமையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று நாடெங்கும் வாதம் எழுந்ததை நீங்கள் அறிவீர்கள். வரியை எழுதிய நாளையும், ஒலிப்பதிவில் யார் யார் என்ன செய்தனர் என்பதையும் அன்றன்றே குறித்து வைப்பது பின்னாளில் சான்றாகும். 2007-இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வதையும் தள்ளிப்போட வேண்டா.

மறுக்கும் பழக்கம்

இறுதியாக ஒரு பழக்கம், எல்லாவற்றிலும் கடினமானது. அதுவே மறுத்தல். "உங்கள் ஆட்கள் வழக்கமாக அடிப்பதுதானே" என்று உரிமையோடு அழைப்பவரிடம், "நாங்கள் கலைஞர்கள்; இன்ன நாள், இன்ன தொகை" என்று பணிவோடும் உறுதியோடும் சொல்லுதல். ஒரு நிகழ்ச்சி போகலாம், போகட்டும். மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான் அவர்களுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பறையைத் தாமும் இசைத்துப் பிறர்க்கும் கற்பித்து வந்தவர் அவர். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் நம் பெண்மக்களே பறையேந்தி மேடையேறினர். ஏவலுக்கு அடித்த கருவியை ஆசானின் கருவியாக்கியவர்கள் இவர்கள். அவ்வழியில் நம் பெண்களும் வரவேண்டும்.

கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் கட்டடத்தின் பின்னறையை நாள்தோறும் காலை ஆறு மணி முதல் ஏழரை வரை பயிற்சிக்குத் திறந்து விடுங்கள். ஷிப்டுக்குச் செல்வோர்க்கு அந்நேரமே பொருந்தும். "படிக்கும் இடத்தில் பறையா?" என்று பெரியவர் சிலர் வருந்துவதை அறிவோம். அவர்கள் வருத்தம் நம் தந்தையாரின் வருத்தமே, அதை மதிக்கிறோம். ஆனால் அவ்வறையின் கதவை யாரும் நள்ளிரவில் வந்து தட்டப்போவதில்லை. பிள்ளைகள் தாமே குறித்த நேரத்தில், தாமே திறந்து, தாமே பூட்டிச் செல்வார்கள். சாவியும் வருகைப் பதிவேடும் அவர்களிடமே இருக்கட்டும்.

நம் வீட்டுப் பறை பரணிலேயே பூச்சி அரித்து அழிந்தது. நமக்குக் கற்கும் வயது கடந்துவிட்டது. ஆயினும் அறை திறக்கும் முதல் நாள் காலை ஆறு மணிக்கு நாமும் வந்து, பதிவேட்டில் முதல் கையெழுத்திட்டு, ஓரமாக அமர்ந்து கேட்போம் என்று உறுதி கூறி அமைகிறோம்.