கணிதமும் கடமையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இந்நாளில் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசாத வீடு நம் குடியிருப்பில் இல்லை. பிள்ளைகள் அதனைப் பயில விரும்புகின்றனர். பெற்றோரோ, அது பிள்ளைகளின் பிழைப்பைப் பறித்துவிடுமோ என்று அஞ்சுகின்றனர். இவ்வாசையையும் அச்சத்தையும் நமக்கு முன்பே எடைபோட்டுப் பார்த்த கணித மேதை ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் அமெரிக்க நாட்டு அறிஞர் நார்பர்ட் வீனர்.

1894-இல் பிறந்த வீனர், 14 வயதில் பட்டம் பெற்றார்; 18 வயதில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவரானார். 1919 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியப் பணி புரிந்தார். நீரில் மிதக்கும் நுண்துகள் ஓயாது அங்குமிங்கும் அலைவதைப் பிரௌனியன் இயக்கம் என்பர். ஒழுங்கே அற்றது போலத் தோன்றும் அவ்வலைவிற்கு 1920-களில் உறுதியான கணித இலக்கணம் வகுத்தவர் வீனரே.

இரண்டாம் உலகப் போரின்போது, பறக்கும் விமானம் அடுத்த நொடியில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டிக் கணிக்கும் ஆராய்ச்சியில் அவர் ஈடுபட்டார். அதன் வழியே பிறந்த புதிய துறைக்கு 1948-இல் வெளிவந்த தம் நூலில் 'சைபர்நெட்டிக்ஸ்' என்று பெயரிட்டார். கப்பலைச் செலுத்துபவன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அமைந்த பெயர் அது. நம் முன்னோர் அவனை மீகாமன் என்றனர். மரக்கலம் திசை பிறழ்வதைக் கண்டு மீகாமன் சுக்கானைத் திருப்புகிறான்; திருப்பியதன் பயனைக் கண்டு மீண்டும் திருத்துகிறான். விளைவைக் கண்டு செயலைத் திருத்திக்கொள்ளும் இந்நெறி உயிர்களுக்கும் இயந்திரங்களுக்கும் பொது என்பதே வீனரின் கொள்கை.

கண்டறிந்ததோடு தம் கடமை முடிந்தது என்று அவர் கருதவில்லை. ஏவுகணை ஆராய்ச்சிக்காகத் தம் கட்டுரைப் படி ஒன்றைக் கேட்டவருக்குத் தர மறுத்து, அம்மறுப்பை 1947-இல் பத்திரிகையில் வெளியிட்டார். தானியங்கி இயந்திரங்களால் தொழிலாளர் வேலையிழக்க நேரும் என்று, 1949-இல் மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்ட்டர் ரூதருக்குத் தாமே கடிதம் எழுதி எச்சரித்தார்.

1960-இல் 'சயன்ஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரை இன்று நமக்கு மிகவும் வேண்டியது. ஆர்தர் சாமுவேல் அமைத்த கணினி நிரல் ஒன்று, செக்கர்ஸ் ஆட்டத்தை ஆடி ஆடிக் கற்று, தன்னை அமைத்தவரையே வென்றது. கற்கும் இயந்திரம் நம்மினும் விரைந்து செயற்படும். அதன் தவற்றை நாம் உணர்ந்து தடுக்க முனைவதற்குள் காலம் கடந்துவிடக்கூடும். ஆதலால், அதனிடம் ஒப்படைக்கும் நோக்கம் நாம் உண்மையில் விரும்பும் நோக்கந்தானா என்று முன்னரே தெளிய வேண்டும் என்றார் வீனர். இயந்திரத்திற்குத் தன் விருப்பம் என ஒன்றில்லை, இட்டதையே அது செய்யும் என்று சாமுவேல் அதே ஆண்டில் மறுத்தெழுதினார். இட்டதையே செய்யும் என்பதில்தான் இடரே இருக்கிறது! கும்பகர்ணன் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நித்தியத்துவம் வேண்டி நின்றவன் நாக்குழறி நித்திரத்துவம் என்றான், கேட்டது கிடைத்தது, வேண்டியது கிடைக்கவில்லை.

ஆசிரியராகவும் வீனர் பெருந்தன்மை மிக்கவர். மின்பொறியியல் மாணவராயிருந்த நார்மன் லெவின்சனிடம் தம் கையெழுத்துப் படியைப் படிக்கத் தந்தார். அதில் ஒரு குறையைக் கண்ட மாணவர், அதனை நிரப்பும் நிறுவலையும் கொணர்ந்தார். வீனர் உடனே தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, அந்நிறுவலைத் தம் கையாலேயே அடித்து, மாணவரின் பெயரை இட்டு, ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பினார். லெவின்சன் பின்னர் அதே கழகத்தில் புகழ்மிக்க பேராசிரியரானார்.

நாம் வாழும் இக்கொல்கத்தாவிற்கும் வீனர் வந்திருக்கிறார். பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1955-56-இல் வருகைப் பேராசிரியராக இருந்தார். அந்நிறுவனத்திற்கே 1959-இல் சென்னையிலிருந்து ஆராய்ச்சி மாணவராக வந்தார் ஸ்ரீனிவாச வரதன். நிகழ்தகவுக் கணிதத்தில் வீனர் தொடங்கிய வழியை நெடுந்தூரம் கொண்டுசென்ற அத்தமிழர், 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார்.

வீனர் 1964-இல் மறைந்தார். ஆயினும் அவர் எழுப்பிய வினா மறையவில்லை. கணினி அறிஞர் ஸ்டூவர்ட் ரசல் 2019-இல் வெளியிட்ட நூலிலும் வீனரின் அவ்வெச்சரிக்கையை எடுத்துக்காட்டுகிறார்.

பெற்றோர்களே! நம் வீட்டிலும் இவ்வினா உண்டு. மதிப்பெண் வேண்டும் என்கிறோம், மதிப்பெண் வருகிறது. நாம் உள்ளத்தில் விரும்பிய அறிவு வந்ததா என்று பார்க்கிறோமா? நாளை நம் பிள்ளைகளுள் சிலர் இவ்வியந்திரங்களை அமைக்கும் பணியில் அமர்வர். எப்படிச் செய்வது என்பதை அவர்களுக்குக் கல்லூரி கற்பிக்கும். எதற்காகச் செய்கிறோம் என்று கேட்கவும், தகாததெனில் வீனரைப் போல் மறுக்கவும் வேண்டிய துணிவை வீட்டில் நாம்தான் ஊட்ட வேண்டும். அக்கடமையை ஏற்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!