பீரங்கி எதைக் காத்தது?

லகாட், பாப்பான், பத்து காஜா பக்கத்திலிருந்து பள்ளி விடுமுறையில் கடலோரம் போகிறவர்கள் சிலர் தெலுக் இந்தான் தாண்டி, சபாக் பெர்ணம், சிகிஞ்சான் வழியாகக் கோலசிலாங்கூர் வரைக்கும் போய்விடுவதுண்டு. அங்கே ஆற்றுமுகத்தை ஒட்டிப் புக்கிட் மெலாவத்தி என்றொரு சிறு குன்று. மேலே பழைய கோட்டையின் பீரங்கிகள், 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம், சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களின் அடக்கத்தலம், ஆளைக் கண்டு அஞ்சாத லுத்தோங் குரங்குகள். கீழே சிலாங்கூர் ஆறும் அலையாத்திக் காடும், அதற்கப்பால் மலாக்கா நீரிணையும். படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். ஆனால் அங்கே நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தப் பீரங்கிகள் எதைக் காத்தன? என் பதில், ஈயத்தை. உள்நாட்டு மண்ணிலிருந்து ஆற்றுவழியாக இறங்கிவந்த ஈயத்தைக் காக்கவே அவை கடலை நோக்கி வாய் திறந்து நின்றன. ஆகவே ஈய லம்பங்களின் நாடான கிந்தாவில் வாழும் நமக்கு அந்தக் கோட்டையில் பங்கு உண்டு.

முதல் சான்று அது இருக்கும் இடம். காட்டை ஊடுருவிச் சாலை இல்லாத காலத்தில் ஆறுதான் சாலை. மேலே எவர் தோண்டினாலும், எவர் கழுவி எடுத்தாலும், ஈயம் படகேறி ஆற்றுமுகத்துக்குத்தான் வந்தாக வேண்டும். ஆற்றுமுகத்தைப் பிடித்திருப்பவன் வரி வாங்குவான், விலை சொல்வான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இதை நம் பேராக்கிலேயே நன்கு கற்றிருந்தது. பாங்கோர் தீவில் தெலுக் கெடோங் கரையில் இன்று நாம் காணும் செங்கல் கோட்டை, பேராக்கின் ஈய வணிகத்தைக் கைக்குள் வைத்துக்கொள்ள 1670-இல் மரத்தால் எழுப்பப்பட்டு, 1680-இல் செங்கல்லால் மாற்றிக் கட்டப்பட்டது. 1690-இல் பங்லிமா கூலூப் தலைமையில் உள்ளூர் மக்கள் அதைத் தாக்கி அழித்தார்கள். 1746-இல் கம்பெனி பேராக் சுல்தானோடு மறுபடியும் ஈய ஒப்பந்தம் செய்துகொண்டது. பாங்கோர் கோட்டையையும் மெலாவத்திக் குன்றையும் சேர்த்துப் பார்க்காதவருக்கு இரண்டும் தனித்தனிக் கற்குவியல்களாகத்தான் தெரியும்.

இரண்டாவது சான்று 1784-ஆம் ஆண்டு. ரியாவின் ராஜா ஹாஜி, சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிமின் துணையோடு மலாக்காவில் டச்சுக்காரர்களை நெருக்கினார். ஜூன் மாதம் தெலுக் கெத்தாபாங்கில் அவர் வீழ்ந்ததும், டச்சுக் கப்பற்படை நேரே கோலசிலாங்கூருக்குத் திரும்பியது. சுல்தான் பகாங்குக்குப் பின்வாங்கினார். குன்றைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் அதை ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தார்கள். மறு ஆண்டே இப்ராஹிம் பகாங் வீரர்களோடு காடு கடந்து வந்து கோட்டையை மீட்டார். அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். டச்சுக்காரர்கள் குன்றின்மீது மறுபடி ஏறவில்லை. ஆற்றுமுகத்தைக் கப்பல்களால் அடைத்தார்கள். ஓராண்டு அடைப்பில் நாடு தவித்தது. 1786-இல் சுல்தான் உடன்படிக்கைக்கு இணங்க நேர்ந்தது. குன்று அவர் கையில் இருந்தும், ஆற்றின் வாய் அவர் கையில் இல்லை. கோட்டையின் மதிப்பு முழுக்க எதில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் ஒரு மன்னரின் தன்மானப் போரை உலோகக் கணக்காகச் சுருக்குகிறாயா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இப்ராஹிமின் வீரம் மெய்யானது. அதைக் குறைக்க எவராலும் முடியாது. ஆனால் தன் மண்ணின் ஈயத்தைத் தான் விரும்பியவருக்கு, தான் ஒப்பிய விலைக்கு விற்கும் உரிமை இல்லாத அரசனுக்கு வேறு என்ன ஆட்சியுரிமை மிஞ்சும்? ஈயத்தைச் சொல்வது அந்தப் போரின் காரணத்தைச் சொல்வதாகும். சிலாங்கூர் கதை பேராக்குக்கு எதற்கு என்பாரும் உண்டு. சிலாங்கூரின் முதல் சுல்தானான ராஜா லூமுவை 1766-இல் சுல்தானாக ஏற்று முடிசூட்டி வைத்தவரே பேராக் சுல்தான் மாமுட் ஷா. எல்லைக்கோடு நாம் நினைக்கும் அளவுக்குக் கனமானதல்ல.

கிந்தாவின் ஈயப் பெருக்கம் 1880-களில்தான் தொடங்கியது, கோட்டையின் காலம் அதற்கு நூறாண்டு முந்தியது என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆண்டுக் கணக்கு சரிதான். ஆனால் 1880-களில் பெருகியது அளவு; வழி பழைய ஆற்றுவழியேதான். கிந்தா ஆற்றில் இறங்கி, பேராக் ஆற்றில் கலந்து, கடலுக்கு. கோட்டையின் முடிவையும் பாருங்கள். 1871-இல் சிலாங்கூரில் நடந்த கிள்ளான் போரின் நடுவே, கடற்கொள்ளையரைத் துரத்திவந்த ரினால்டோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கோலசிலாங்கூர்க் கோட்டைகளைச் சுட்டுத் தகர்த்தது. ஆனாலும் ஆற்றுமுகப் பீரங்கியை மெய்யாகவே வேலையிழக்கச் செய்தது ரயில். 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு, இன்றைய தெலுக் இந்தானுக்கு, பாதை திறந்தது. ஈயம் தண்டவாளம் ஏறியதும் ஆற்றின் வாயைக் காக்கும் குன்றுகளுக்கு அவசியம் போயிற்று. மலாயாவின் ரயில் பாதைகளில் கட்டை அடுக்கி, சரளைக்கல் கொட்டி உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

தமிழர் தொடர்பு இன்னும் பழையது. அன்று ஈயத்துக்கு மாற்றாகக் கப்பலில் வந்த பெரும் சரக்கு சோழமண்டலக் கரையின் துணி. அந்தக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் 1781 வரை நாகப்பட்டினம். நாகூர், பரங்கிப்பேட்டைத் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதே துணியோடு வந்து இந்தக் கரைகளில் ஈயம் வாங்கினார்கள்; கம்பெனி ஒதுக்க நினைத்த போட்டியாளர்களில் அவர்களும் அடக்கம். அவர்கள் பால்மரம் சீவிய நம் பாட்டன் பாட்டிகள் அல்லர்; அந்த வணிகரின் பெருமையைத் தோட்டப்புறத்துத் துயரத்தின்மேல் போர்த்திவிடக் கூடாது. ஆனால் இந்த நாட்டில் தமிழர் கதை ரப்பரோடுதான் தொடங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் தவறு.

காற்று வாங்கப் போகிறவர்கள்மேல் இத்தனை வரலாற்றை ஏற்ற வேண்டுமா என்று கேட்டால், அந்தக் காட்சியே வரலாறுதான் என்பேன். நமக்கு அழகாய்த் தெரியும் அந்தத் திறந்த பார்வை, பீரங்கிக்காரனுக்குத் தொழில். வரும் பாய்மரக் கப்பலை முன்கூட்டியே காண்பதற்காகத்தான் தட்டைக் கரையில் இந்தக் குன்றைத் தேர்ந்தார்கள். ஆகவே கிந்தாவின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றுலா போகும்போது வரிசையை மாற்றுங்கள். 1938-இல் கட்டி 1982 வரை ஓடிய தஞ்சோங் துவாலாங் ஈயம் வாரும் கப்பலை முதலில் காட்டுங்கள். பிறகு பாங்கோர்க் கோட்டை. மெலாவத்திக் குன்றைக் கடைசியாக வையுங்கள். மேலே ஏறியதும் பிள்ளைகளைக் கடல் பக்கம் மட்டும் நிற்க வைக்காமல், ஆறு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.