மறுமுறை விளையாத அற்புதம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1989-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மன், பான்ஸ் என்னும் இரு வேதியியல் அறிஞர்கள் செய்தியாளரைக் கூட்டினர். கனநீர் நிரம்பிய கலத்தில் பல்லேடியத் தண்டை இட்டு மின்சாரம் பாய்ச்சியதாகவும், செலுத்திய ஆற்றலினும் மிகுந்த வெப்பம் எழுந்ததாகவும் அறிவித்தனர். கதிரவனுள் நிகழும் அணுக்கருப் பிணைவு, மேசைமீதே நிகழ்ந்துவிட்டது என்றனர். உலகம் களிகூர்ந்தது. கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்கத்தக்க கனநீரே எரிபொருளாகுமானால், ஏழையின் குடிசையிலும் விளக்கெரியுமன்றோ?

ஆயினும், நம் இல்லத்தரசியர் அறியாததா? அண்டை வீட்டார் சொன்ன பக்குவத்தில் நாம் போடும் ஊறுகாயும் ஊறுகாயாகவே அமைதல் வேண்டும். அறிவியலின் நெறியும் அஃதே.

பிற ஆய்வகங்கள் முயன்று பார்த்தன. கலிபோர்னியாவின் கால்டெக்கிலும் இங்கிலாந்தின் ஹார்வெல்லிலும் அவ்வெப்பம் தோன்றவில்லை. நியூட்ரான்களைக் கண்டோம் என்ற ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார், தம் கருவி வெப்பத்தால் பிழை காட்டியதை உணர்ந்து, சில நாட்களிலேயே தம் கூற்றைத் திரும்பப் பெற்றனர். அந்த நெஞ்சுரத்தை நாம் போற்றுகின்றோம். மேலும், அறிந்த வகைப் பிணைவால் அத்துணை வெப்பம் எழுந்திருப்பின், உடன் எழும் நியூட்ரான்கள் அருகில் நின்றோரை மாய்த்திருக்கும். அவர்களோ நலமாகவே இருந்தனர்!

அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க ஆற்றல் துறை அமைத்த குழு, நம்பத்தக்க சான்று இல்லை எனக் கூறிற்று. கூகுள் நிறுவனத்தின் பொருளுதவியால் பல ஆய்வகங்கள் மீண்டும் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட அறிக்கையிலும் அச்சான்று கிட்டவில்லை.

நாம் வாழும் இம்மும்பையிலும், டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் பல குழுவினர் 1989-இல் நியூட்ரான்களும் டிரிட்டியமும் கண்டதாக அறிவித்தனர். அவையும் உலகம் ஏற்கும் வகையில் உறுதிப்படவில்லை. இங்கேதான் நமக்குச் சோதனை. அயலார் கூற்றை ஐயுறுதல் எளிது. நம்மவர் கூற்றையும் அதே தராசில் நிறுத்தல் அரிது. நம் பெருமைக்காகத் தராசின் முள்ளைத் தொடலாகாது.

எரிபொருளின்றி இயங்கும் எந்திரம் என்று கூறி, நம் குடியிருப்பின் வாயிலிலும் எவரேனும் வந்து நிற்கலாம். ஊர் விட்டு வந்து, வியர்வை சிந்திச் சேர்த்த பொருளை நீட்டுமுன் மூன்று வினாக்களைத் தொடுப்போம்: வேறு யார் செய்து பார்த்தார்? யார் கருவியால் அளந்தார்? செய்முறை முழுவதும் வெளிப்படையா?

மாணவச் செல்வங்களே! ஐயுறுதல் பெரியோரை அவமதித்தல் ஆகாது. புதுமை தோன்றாது என்றும் நாம் சொல்லவில்லை. மெய்யான புதுமை, எவர் கையிலும் மறுமுறை விளையும். அதுவரை நாம் காத்திருப்போம்.