முறைப்பாட்டு மேசையும் பொலிஸ் பயிற்சியும்



பொலிஸ் பயிற்சி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது ஓர் அணிவகுப்பு மைதானமே. வெயிலிலே வரிசை வரிசையாக இளைஞர் நிற்கின்றனர். சார்ஜன்ட் குரல் கொடுக்கின்றார். சப்பாத்துக்கள் ஒரே ஒலியாக நிலத்தில் விழுகின்றன. அம்மைதானத்தைப் பற்றிப் பேச நான் இன்று வரவில்லை. பொலிஸ் நிலையத்தின் வாயிலைக் கடந்ததும் காணப்படும் ஒரு மேசையைப் பற்றியே பேச விரும்புகின்றேன். அதன்மேல் பெரிய புத்தகம் ஒன்று விரிந்திருக்கும். கொன்ஸ்டபிள் ஒருவர் பேனாவுடன் அமர்ந்திருப்பார். சாதாரணக் குடிமகன் சட்டத்தை முதன்முதலாக நேருக்கு நேர் சந்திக்கும் இடம் அதுவேயாகும்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பல ஆண்டுகள் கடமையாற்றியவன் நான். அக்காலத்தில் கண்ட ஒரு வழக்கு இன்னும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. வயது முதிர்ந்த தாய் ஒருத்தியின் மகனை ஒழுங்கையிலே ஒருவன் வெட்டிக் காயப்படுத்திவிட்டான். வெட்டியவனை அவள் படலையடியில் நின்று கண்டாள். சாட்சிக் கூண்டில் ஏறி, "மைமல் நேரம் ஐயா, முகம் தெரிந்தது" என்றாள். பொழுது சாய்ந்து இருள் கவியுமுன் உள்ள அந்தச் சிறு நேரத்தையே யாழ்ப்பாணத்தார் மைமல் என்பர் என நான் விளக்கினேன். எதிரிதரப்புச் சட்டத்தரணி பொலிசாருக்கு அவள் கொடுத்த வாக்குமூலத்தைக் கையில் எடுத்தார். அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அதிலே மைமல் இல்லை. "இரவு" என்றே இருந்தது.

"இது உங்களுடைய கைந்நாட்டா?"

"ஓம் ஐயா."

"இரவிலே, விளக்கில்லாத ஒழுங்கையில், முகத்தை எவ்வாறு கண்டீர்கள்?"

எதிரி விடுதலையானான். நீதவானைக் குறைகூற நான் ஒருப்படேன். அவர்முன் இருந்த சான்று அவ்வளவே. அதை எழுதிய கொன்ஸ்டபிளிடத்திலும் வஞ்சகம் இருந்ததாக நான் எண்ணவில்லை. அவர் அறிந்த தமிழிலே பகல், இரவு என்னும் இரண்டு சொற்களே இருந்தன. இடையில் ஒரு பொழுது உண்டென்பதை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. வெளியே வந்த கிழவி, "தம்பி, நான் சொன்னதை ஏன் மாத்தி எழுதினவை?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை.

சட்டத்தில் குறை இருந்ததா என்றால், இல்லை. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, வாய்மொழியாகக் கிடைக்கும் முறைப்பாட்டை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று விதிக்கின்றது. அது இயலாதவிடத்துச் செய்யவேண்டியவற்றையும் தனியே கூறுகின்றது. ஆகவே குறை, அவ்விதியை நடத்திவைக்கவேண்டிய கையைப் பழக்கிய முறையிலேதான் இருக்கவேண்டும்.

அப்பழக்கத்தின் வேரைத் தேடினால் நாம் அயர்லாந்துக்குச் செல்ல நேரும். இலங்கைப் பொலிசுக்கு அடிப்படையான கட்டளைச் சட்டம் 1865 ஆம் ஆண்டில் உண்டானது. அந்நாளில் பிரித்தானியருக்கு இரண்டு மாதிரிகள் முன்னிருந்தன. ஒன்று 1829 இல் தோன்றிய லண்டன் மாநகரப் பொலிஸ்: குண்டாந்தடியுடன் தெருவிலே நடந்து திரிபவர். மற்றையது அயர்லாந்தின் கொன்ஸ்டபுலரி: துவக்கு ஏந்தியவர், பாசறைகளில் வசிப்பவர், தாம் பிறந்த மாவட்டத்திலே கடமை பெறாதவர். குடியேற்ற நாடுகளுக்கு ஆட்சியாளர் பெரிதும் விரும்பியது இரண்டாவதையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்நாடுகளுக்கு நியமனம் பெற்ற அதிகாரிகளை டப்ளின் நகரத்துப் பீனிக்ஸ் பூங்காவிலுள்ள அப்படையின் தலைமையகத்துக்கு அனுப்பிப் பயிற்றுவித்தனர். மக்களிடமிருந்து விலகி நிற்பதே அம்முறையின் உயிர்நாடி. விலகி நிற்பவனுக்கு அவர்களுடைய மொழி எதற்கு?

அம்மரத்தின் தாய்வேர் பிற்காலத்தில் என்னவாயிற்று என்பதும் அறியத்தக்கது. வட அயர்லாந்துப் பொலிசைச் சீர்திருத்துவதற்கு கிறிஸ் பற்றன் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1999 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. புதிதாகச் சேர்வோரின் பயிற்சிப் பாடவேளைகளை அவர்கள் எண்ணிப் பார்த்தனர். மொத்தம் 700. அவற்றுள் அணிவகுப்புக்கு 40, துப்பாக்கிப் பயிற்சிக்கு 63, மனித உரிமைக்கு 2! நீண்ட விவாதங்களைக் காட்டிலும் இந்த மூன்று எண்களே எனக்குப் பெரும் பாடம் புகட்டின. நம் நாட்டிலும் எவரேனும் பொறுமையாக உட்கார்ந்து, முறைப்பாடு கேட்பதற்கும் எழுதுவதற்கும் எத்தனை பாடவேளை ஒதுக்கப்படுகின்றது என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2011 ஆம் ஆண்டின் தன் அறிக்கையிலே, ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இருமொழி அறிந்த உத்தியோகத்தர் இருபத்துநான்கு மணிநேரமும் இருத்தல் வேண்டும் என்றும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் எழுதப்படுதல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரைதான். ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கின்றது. இரவுக் கடமை, லீவு, நீதிமன்றத்துக்குச் செல்லும் நாள் ஆகியவற்றைக் கழித்தால், எந்நேரமும் ஒருவர் மேசையில் இருப்பதற்கு நால்வராவது வேண்டும். தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து ஒரு நிலையத்துக்கு அனுப்புவதால் காரியம் முடிந்துவிடாது. வடக்கில் தமிழும் தெற்கில் சிங்களமும் மட்டுமே போதும் என்று எண்ணுவதும் தவறு. கொழும்பிலே கடவுச்சீட்டைத் தொலைத்த தமிழனும், வவுனியாவிலே சைக்கிளைப் பறிகொடுத்த சிங்களவனும் அதே மேசைக்குத்தான் வருகின்றார்கள்.

ஆதலின் களுத்துறைக் கட்டுக்குருந்தையிலுள்ள பொலிஸ் கல்லூரி போன்ற இடங்களில், மொழிப் பாடத்தை இலக்கணப் பாடமாக வைக்காமல் அந்த மேசையின் பாடமாகவே வைக்கவேண்டும் என்பது என் கருத்து. ஊரிலிருந்து முதியவர் ஒருவரை அழைத்து வாருங்கள். காணிச் சண்டையையோ, களவுபோன மாட்டையோ பற்றி அவர் தம் வழக்கப்படி, முன்பின்னாகச் சொல்லட்டும். பயிலுநர் எழுதி வாசித்துக் காட்டட்டும். "நான் சொன்னது அதுவல்லத் தம்பி" என்று அம்முதியவர் திருத்தட்டும். புள்ளி இடும் உரிமையையும் அவருக்கே கொடுங்கள். அத்துடன், தாம் எழுதிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் என்ன பாடுபடுகின்றது என்பதைப் பயிலுநர் சில நாட்கள் அங்கே அமர்ந்து காணட்டும்.

இதனாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. கல்லூரியிலே கற்றதை நிலையத்தின் முதல் மாதத்திலேயே மறக்கச் செய்யும் மூத்தவர்கள் எங்கும் உளர். ஊரைவிட்டு, உறக்கத்தைவிட்டு உழைக்கும் கொன்ஸ்டபிளிடம் பொறுமையை எதிர்பார்ப்பதிலும் ஓர் அளவு உண்டு. எனவே முதலாண்டில் புதியவரை யாரிடம் ஒப்படைக்கின்றோம் என்பதும் பயிற்சியின் பகுதியே.

அந்த வழக்கு முடிந்த அன்று, நீதிமன்ற விறாந்தையிலே சிங்கள சார்ஜன்ட் ஒருவர் என்னிடம் வந்தார். சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்தார். அதில் தமிழ்ச் சொற்கள் சிங்கள எழுத்திலே நிரையாக எழுதப்பட்டிருந்தன. மைமல் என்பது கடிகாரத்தில் எத்தனை மணி என்று கேட்டார். மாதத்துக்கு மாதம் சிறிது மாறும், ஏறத்தாழ ஆறரை மணி, என்றேன். எழுதிக்கொண்டார். பின்னர், விடியப்புறம் என்பதையும் கேட்டார்.